வண்டுக்கு ஒரு மைக்

டாக்டர் பேசினார். திரையில் "செஸ்ட்" என்று ஒரே ஒரு சொல் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார். கர்சர் அதே இடத்தில் நின்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

மும்பை செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் ரிப்போர்ட்டிங் அறை அது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து வாயால் ரிப்போர்ட் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர் அதைக் கேட்டுத் தானே எழுத வேண்டும். அதற்கேற்ற மைக்கைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொடுப்பது என் வேலை. அன்று நான் கொண்டுபோனது என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்செட். டாக்டரிடம் கொடுப்பதற்கு முன் அதை என் தலையில் மாட்டி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, கதவையும் திறந்துபோட்டு, வழக்கம்போல் நாலு வாக்கியம் பேசிப் பார்த்தேன். எழுத்து பிசகாமல் வந்தது. எனக்கு அப்படி ஓடி ஓடி எழுதிய மெஷின், அவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

டாக்டர் அனந்தநாராயணன் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டு வழிக் குடும்பம். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது கழுத்தில் உள்ள ஒரு துளை வழியாகப் போய்வருகிறது. அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்று தொங்கும். பேச வேண்டுமானால், சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும் ஒரு கருவியை இடது கையால் கழுத்தில் அழுத்திப் பட்டனை அமுக்குவார். அது ஏற்ற இறக்கம் இல்லாமல் ரீங்காரம் போடும். அந்தச் சத்தத்தை வாய்க்குள் வாங்கி, நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்குவார். அவர் வீட்டில் அந்தக் கருவிக்கு வண்டு என்று பெயர். எங்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

சென்டர் மேனேஜர் சுந்தர் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழில் பாதி இந்திதான்.

"அங்கிள், திங்கக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து மேடம் வராங்க. அவங்க முன்னாடி டாக்டர் பேசணும், ரிப்போர்ட் வரணும். நஹீ தோ, ரீடிங் வேலை மொத்தமும் வெளி கம்பெனிக்குப் போயிடும். படத்த நெட்ல அனுப்பிச்சா அங்க எவனாவது பாத்து எழுதிடுவான். டாக்டருக்கு இங்க சீட் இருக்காது. அவ்ளோதான், கதம்."

"ஏம்ப்பா, அவரு டைப் பண்ணக் கூடாதா?"

"பண்றாரே, ஒத்த விரலால. வெளியில கூட்டத்த பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் மாடிப்படி வரை உட்கார்ந்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க வாயாலேயே ரிப்போர்ட் எழுதியவர் டாக்டர். அவர் கண் படத்தில் இருக்கும்போது வாய் தானாக ஓடும். நடுவில் விரல் வந்தால் கண்ணும் நின்றுவிடும், வாயும் நின்றுவிடும்.

ஹெட்போனில் கேட்ட மனிதர்

சுந்தரிடமும் டாக்டரிடமும் நான் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது.

மைக் தொழிலுக்கு வருமுன் நவி மும்பை ஐரோலியில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் இருந்தேன். தாராவி வீட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய், நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்வேன். காலடியில் ஒரு பெடல் இருக்கும். அமுக்கினால் ஆடியோ ஓடும், எடுத்தால் நிற்கும். பெரும்பாலும் அமெரிக்க ஆஸ்பத்திரி வேலை. மும்பை வேலையும் கொஞ்சம் வரும். அதில் ஒரு டாக்டரின் குரல் பல வருடம் என் காதில் குடியிருந்தது.

மற்ற டாக்டர்கள் டிக்டேஷன் கொடுக்கும் லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வடாபாவ் மென்றுகொண்டே பேசுவார்கள், நடுவில் டிரைவரைத் திட்டுவார்கள், கொட்டாவிக்குள் மருந்துப் பெயரை முழுங்குவார்கள். இவர் அப்படி இல்லை. நோயாளி எதிரில் உட்கார்ந்து கேட்பதுபோல் பேசுவார். ரிப்போர்ட்டின் முடிவைச் சொல்வதற்கு முன் "இம்ப்ரெஷன்" என்று சொல்லிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம் நிறுத்துவார். "ஃபுல் ஸ்டாப்" என்பதை ரப்பர் ஸ்டாம்பு குத்துவதுபோல் அழுத்துவார். எல்லாம் முடிந்ததும் "தேங்க் யூ, டைப்பிஸ்ட்" என்பார். ஒவ்வொரு ஃபைலிலும் சொல்வார். அதை நாங்கள் டைப் செய்ய மாட்டோம், ரிப்போர்ட்டில் அதற்கு இடம் கிடையாது. நான் மனதுக்குள் "சரி டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஃபைலை எடுப்பேன். அவர் பெயரை ஃபைலில் பார்த்திருக்கிறேன், முகம் எனக்குத் தெரியாது. அவருக்கு என் பெயரே தெரியாது.

பிறகு கம்ப்யூட்டரே கேட்டு எழுதும் காலம் வந்தது. எங்கள் கம்பெனி இருந்த மாடியை மூடினார்கள். காது பழகியவன் காதை வைத்தே பிழைக்கலாம் என்று மைக் வேலைக்கு வந்தேன். போகும்போது என் பெடலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செம்பூர் சென்டரில் கதவுப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். இத்தனை வருடம் கேட்ட மனிதரை இன்று பார்க்கப் போகிறோம் என்று உள்ளே போனேன். அவர் எழுந்து நின்று, வண்டைக் கழுத்தில் வைத்து, "வாங்கோ" என்றார். குரலைப் பறிகொடுத்தவரிடம் உங்கள் குரலை எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

இரண்டாவது மைக்

மறுநாள் வேறு ஒன்று கொண்டுபோனேன். டாக்டர்கள் கையில் பிடித்துப் பேசுவதற்கென்றே செய்த டிக்டேஷன் மைக். வெளிச் சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர் அதற்குள்ளேயே உண்டு. என் குரலுக்குப் பிரமாதமாக எழுதியது. டாக்டர் பேசினார். மறுபடி முதல் சொல் விழுந்தது, மிச்சம் காணோம்.

இந்த முறை லெவல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆரம்பித்ததும் பச்சைக் கோடு நன்றாக ஏறியது. அவர் பேசப் பேசவே அது இறங்கி அடியில் படுத்துவிட்டது. மைக்கிலும் கோளாறில்லை, வயரிலும் கோளாறில்லை. மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார், மீட்டர் அங்கே யாரும் இல்லை என்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் எனக்குக் கோபம் வரும். மைக்கை மேஜையில் கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டேன்.

டாக்டர் வண்டை எடுத்தார். வண்டுக் குரலில் வருத்தமும் ஒரே மாதிரிதான் கேட்கும், வேடிக்கையும் ஒரே மாதிரிதான் கேட்கும். முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"விட்டுடலாம் செல்வின். இதுக்கு நான் மனுஷனாவே படலை."

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். சனிக்கிழமை ஒங்க வீட்டுக்கு வாரேன். ஏசி, மெஷின் ஒண்ணும் இல்லாத எடத்துல வச்சுப் பாப்போம்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மாட்டுங்காவில் சுருதி

மாட்டுங்கா வீட்டில் டாக்டரும் நானும் ஹாலில் உட்கார்ந்தோம். பக்கத்து அறையில் அவர் மனைவி விசாலம் மாமி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சுருதிப் பெட்டி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. மாட்டுங்காவில் எந்த மாடிப்படி ஏறினாலும் இப்படி ஒரு வகுப்பு காதில் விழும். நான் அதைக் கவனிக்கவில்லை. மைக்கை லேப்டாப்பில் செருகிக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்ததுபோலவே அங்கேயும் ஒரு சொல் விழுந்து, பிறகு வெறும் திரைதான்.

அப்போது பக்கத்து அறையில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"மாமி, சுருதி நின்னுபோச்சு."

"நிக்கலைடி. இங்கே கேட்டுண்டுதான் இருக்கு. இரு, ஒரிஜினல் சவுண்டைப் போட மறந்துட்டேன்." மாமி எதையோ கிளிக் செய்தார். "இப்போ?"

"இப்போ கேக்கறது மாமி."

நான் மைக்கைப் போட்டுவிட்டு அந்த அறை வாசலுக்குப் போய் நின்றேன். "மாமி, இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. இந்தக் கம்ப்யூட்டருக்கு சுருதின்னா ஃபேன் சத்தம்னு நெனப்பு. விடாம ஒரே மாதிரி கேட்டா அடிச்சுத் தள்ளிடும். பாட்டை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பும். நம்ம மாட்டுங்கால பாட்டு சொல்லிக்குடுக்கறவா எல்லாரும் மொதல்ல அந்த வடிகட்டறதைத்தான் அணைப்பா. சுருதி இல்லாம என்ன பாட்டு? காபி ஆறிடும், போய்க் குடியுங்கோ."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகையாகச் சொல்லவில்லை, கை முடி எழுந்து நின்றது. ஏசி, ஃபேன், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே மாதிரி விடாமல் ஒலிப்பவை. நாய்ஸ் கேன்சலிங் என்பது அதைத்தான் தேடிப் பிடித்து அழிக்கும். என் குரல் ஏறி இறங்குகிறது, அதனால் என்னை மனிதன் என்று விட்டுவிட்டது. வண்டின் சத்தம் ஏறாது, இறங்காது. முதல் சொல் வரை என்னவென்று கேட்கிறது, பிறகு ஃபேன் என்று முடிவு கட்டி அழித்துவிடுகிறது. சத்தத்தோடு அதன்மேல் ஏறி வருகிற பேச்சும் போய்விடுகிறது. நான் எவ்வளவு நல்ல மைக்காக வாங்குகிறேனோ அவ்வளவு சுத்தமாக டாக்டரைத் துடைத்திருக்கிறேன்.

ரயிலும் ஹாரனும் தையல் மெஷினும் சேர்ந்து இரைகிற ஊரில் தொழில் செய்கிறவனுக்குச் சத்தத்தைக் கொல்வதுதான் முதல் பாடம். அதை மாற்றி யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஹாலுக்குத் திரும்பி வந்து சொன்னேன். "டாக்டர், ஒங்க பேச்சுல ஒரு கோளாறும் கெடையாது. அதத் தின்னுத மைக்கா பாத்துப் பாத்துக் கொண்டாந்தவன் நான்தான்."

அவர் மாமியின் அறையைப் பார்த்தார். பிறகு வண்டை வைத்து, "அப்போ நான் சுருதிப் பெட்டி" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

தலைகீழான விதிகள்

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் சர்ச் ஆராதனை முடிந்ததும், எங்கள் கோயில் பாட்டுக் குழுத் தலைவரிடம் ஒரு மைக் இரவல் கேட்டேன். மேடையில் பாடுகிறவர்கள் பிடிக்கும் சாதாரண வயர் மைக். அதற்குள் ஃபில்டர் இல்லை, மூளை இல்லை. முன்னால் உள்ளதைக் கேட்கும், பின்னால் உள்ளதைக் கேட்காது. எனக்கு வேண்டியது அந்தப் பிடிவாதம்தான்.

அன்று மத்தியானம் மாட்டுங்காவில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகத் தேடிச் சத்தக் கொலைகாரர்களை வெளியேற்றினேன். கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங்கில் ஒருவன் இருந்தான், டிக்டேஷன் சாஃப்ட்வேருக்குள் இன்னொருவன் இருந்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். மைக்கை மாற்றினால் போதாது, அது போகிற வழியெல்லாம் பார்க்க வேண்டும்.

அடுத்தது மைக்கை எங்கே வைப்பது. எல்லோருக்கும் நான் சொல்வது, வாய்க்கு நேரே வைக்காதே, ஓரமாக வை, மூச்சுக்காற்று அடித்தால் மைக் புஸ் புஸ் என்னும். டாக்டருக்கும் பழக்கத்தில் ஓரமாகத்தான் வைத்தேன். பிறகுதான் உறைத்தது. இவர் நுரையீரல் மூச்சு வாய்க்கு வருவதே இல்லை. கழுத்திலேயே போய்விடுகிறது. மைக்கைக் கீழிருந்து வாயைப் பார்க்கும்படி நேராகத் திருப்பி, உதட்டில் படாத குறையாக வைத்தேன். ஒரு புஸ் இல்லை. மைக்கின் பின்பக்கம் கழுத்தைப் பார்த்து இருந்ததால், வண்டு வெளியே கசியவிடும் இரைச்சலும் துளையின் மூச்சும் அடங்கிவிட்டன. வாயிலிருந்து வருகிற பேச்சு மட்டும் தனியாக வந்தது.

அதை ஹெட்போனில் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. தொண்டை தருவது வெறும் சத்தம். அதை "அ" ஆக்குவதும் "ம" ஆக்குவதும் வாய்தான். நாம் பேச்சு என்று நினைப்பது முழுக்க அங்கேதான் நடக்கிறது. அறுவைக் கத்தி குரல்வளையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, பேச்சைத் தொடவே இல்லை. காதால் பிழைத்த எனக்கு இது இத்தனை வயதில்தான் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்ற மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒரு சிக்கல். இடது கையில் வண்டு, வலது கையில் படத்தை நகர்த்தும் மவுஸ். டிக்டேஷனை ஆரம்பிக்கவும் நிறுத்தவும் மூன்றாவது கைக்கு எங்கே போவது? வீட்டுக்குப் போய் என் ஐரோலி பெடலை எடுத்துவந்தேன். தூசி தட்டி டாக்டரின் காலடியில் வைத்தேன். அமுக்கினால் மைக் கேட்கும், எடுத்தால் நிற்கும். சாயங்காலம் வரை அவரை வாசிக்கவைத்து, சாஃப்ட்வேரை அவர் பேச்சுக்குப் பழக்கினோம். தப்பு வந்தது, திருத்தினோம். வரவரத் தப்பு குறைந்தது.

திங்கட்கிழமை

காலையிலேயே போய், பழக்கிய சாஃப்ட்வேரையும் செட்டிங்கையும் ரிப்போர்ட்டிங் அறைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவைத்தேன். அங்கே ஸ்டாண்டில் நின்ற மைக்கைப் பார்த்துச் சுந்தருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், இது க்யா ஹை? டாக்டர் ஆர்க்கெஸ்ட்ராவா நடத்தப் போறாரு?"

"கொஞ்சம் பொறுமையா இரு."

ஹெட் ஆபீஸ் மேடம் வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் ஒரு மூலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

படம் வந்தது. பெடல் அமுங்கியது. வண்டு எழும்பியது.

"செஸ்ட்" விழுந்தது. நான் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். அடுத்த சொல் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரி நிரம்பி, அடுத்த வரிக்கு இறங்கின. பச்சைக் கோடு படுக்கவே இல்லை. மேடம் ஒரு அடி முன்னால் வந்து திரையைப் பார்த்தார். சுந்தர் கதவில் சாய்ந்தபடி ஏதோ முணுமுணுத்தான்.

நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். வண்டு இரைந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே எனக்குத் தெரிந்த மனிதர் பேசிக்கொண்டிருந்தார். "இம்ப்ரெஷன்" என்றார். ஒரு மடக்குத் தண்ணீர் நேரம் நிறுத்தினார். முடிவைச் சொன்னார். "ஃபுல் ஸ்டாப்" வந்தது, ஸ்டாம்பு குத்திய மாதிரியே வந்தது. குரல் போய்விட்டது, ஆள் அப்படியே இருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அப்புறம் அவர் நினைக்காமலே அந்தப் பழைய வார்த்தையும் வந்துவிட்டது. கால் பெடலிலேயே இருந்தது. ரிப்போர்ட்டின் அடியில் திரையில் எழுதியிருந்தது: "தேங்க் யூ, டைப்பிஸ்ட்."

"அங்கிள், இந்தக் கடைசி லைன் என்னது? சாஃப்ட்வேர் எதாவது கட்பட் பண்ணுதா?" என்றான் சுந்தர்.

டாக்டர் வெட்கப்பட்டார். "பழைய பழக்கம்" என்று சொல்லி அந்த வரியை அழித்துவிட்டார். மேடம், டாக்டர் இங்கேயே தொடரட்டும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, சுந்தரை அழைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"டாக்டர், அந்த டைப்பிஸ்ட்டு நான்தான். ஐரோலில ஒங்க ஃபைலெல்லாம் எங்கிட்டதான் வரும். இந்தப் பெடல்லதான் ஒங்களக் கேட்டேன்."

அவர் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வண்டைக் கழுத்தில் வைத்துக் கேட்டார்.

"இப்போ கேட்டேளே. நான் பேசறாப்லயே இருந்துதா?"

"நீங்கதான் டாக்டர். வேற யாரும் இல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நான் எந்த மைக்கையும் என் குரலில் சோதித்துவிட்டு நல்ல மைக் என்று சொல்வதில்லை. பேசப் போகிறவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவரை முழுக்கக் கேட்கிறேன். எந்த மைக் என்பதை அதற்கப்புறம்தான் முடிவு செய்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

போன வாரம் வேறு வேலையாகச் செம்பூர் போனபோது சென்டருக்குள் எட்டிப் பார்த்தேன். கூட்டம் படி வரை இல்லை. சுந்தர் டீ வாங்கிக் கொடுத்தான்.

"ஒரு விஷயம் கேக்கணும் அங்கிள். டாக்டர் ஒவ்வொரு ரிப்போர்ட் முடிச்சதும் பெடல்லேர்ந்து காலை எடுத்துடறாரு. எடுத்த அப்புறம் வண்ட வச்சு அந்தத் தேங்க் யூவ சொல்றாரு. மைக் பந்த், மெஷினும் எழுதறதில்ல. அப்ப யாருக்கு சொல்றாரு?"

அந்த நேரம் உள்ளே வண்டு எழும்பி அடங்கிய சத்தம் கேட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மனதுக்குள், "சரி டாக்டர்" என்றேன்.